ஐந்து லட்சம் குழாயா, ஐயாயிரம் ஆளா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரத்த மாதிரி சேகரித்து நீண்டகால மக்கள் நல ஆய்வு தொடங்குவதென்றால் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஒன்று பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற மாதிரிச் சேமிப்பகம்: 2006 முதல் 2010 வரை 40–69 வயதில் 5 லட்சம் பேரைச் சேர்த்தது. மற்றது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வு: 1948இல் ஒரே ஊரில் 5,209 பேர், இரண்டு ஆண்டுக்கொருமுறை பரிசோதனை.

லட்சம் பேரில் ஆண்டுக்கு 10 பேருக்கு வரும் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். ஐயாயிரம் பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தால் 5 நோயாளிகள்தான் கிடைப்பார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மணவாளக்குறிச்சி மணலின் கதிரியக்கம்தான் உங்கள் கேள்வி என்றால் பெரிய கூட்டம் வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் கதிர்வீச்சு வெளியிடும் இதே மோனசைட் தாது மணலுக்காக 69,958 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 2005 வரை 1,379 புற்றுநோய்கள். கதிர்வீச்சால் கூடியதாகத் தெரியவில்லை. அங்கே கைகொடுத்தது புற்றுநோய்ப் பதிவேடு.

பிரிட்டனிலும் நோயாளியைத் தேடிப் போக வேண்டியதில்லை, அரசு மருத்துவப் பதிவே வந்து சேரும். நம் ஊரில் மார்த்தாண்டத்துக்காரர் திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுப்பார், அவர் மகன் வளைகுடாவில் இருப்பார். இரண்டு மாநிலக் காகிதங்களையும் யார் பொருத்துவது? இன்னொன்று: யுகே பயோபேங்க் அழைத்தவர்களில் வந்தவர்கள் 5.5 சதவீதம்தான், அவர்களும் பொதுமக்களைவிட ஆரோக்கியமானவர்கள். இங்கே முகாம் போட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முதலில் வருவார்கள். குலசேகரத்தில் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போனவர் வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்கு எப்படி வருவார்?

வந்தாலும் குழாயைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்த இரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நாகர்கோவில் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் நீரிழிவுக்காரர் நல்லவராகிவிடுவார்! சர்க்கரைச் சோதனைக்கென்று மருந்து சேர்த்த சாம்பல் மூடிக் குழாய் இந்தக் குறைவை மட்டுப்படுத்தும். இருந்தாலும் வட்டாரத்துக்கு ஒரு சிறிய மையம் வைத்து அங்கேயே இரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்துவிடுவது உத்தமம்.

சேமிப்பில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு மின்சாரம் அறுபடக் கூடாது. திரவ நைட்ரஜனுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் அளவு பார்த்து நிரப்ப ஆள் வேண்டும். கால்நடை மருந்தகத்தில் உறைவிந்து வைத்திருக்கும் குடுவையைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. யுகே பயோபேங்க் இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் அப்படியே பின்பற்றலாம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் என்றால் நான் ஃபிரேமிங்ஹாம் பக்கம். பத்தாயிரம் பேர் போதும், ஆனால் வீடு தேடித் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வள்ளவிளை, தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களைப் பிடிக்க மேற்குக் கரையின் தடைக்காலம்தான் தோது: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழை கொட்டும்; மாதிரி கொண்டுவரும் பெட்டிகளுக்கு நல்ல மழையுறை வாங்கிவிட வேண்டும்.