கோடியக்கரைச் சேற்றில் நிக்கான் 200-500

உப்பளமும் சேறும் கடற்காற்றும் சேர்ந்த இடத்தில் பறவைகளைப் படமெடுப்பவர்கள் கேட்டால், நடுத்தரச் செலவில் நான் இன்றைக்கும் சொல்லும் லென்ஸ் நிக்கான் 200-500 எம்.எம். எஃப் 5.6 ஜூம்தான். 2015இல் வந்தது. பழைய மாடல் என்பதால் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் தேடிப் பிடிக்கலாம். நான் இதை நிக்கான் டி500 கேமரா பாடியில் மாட்டி, கோடியக்கரையிலும் வேதாரண்யம் சதுப்பிலும்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் கடலோரத்துக்கு மட்டும். முதுமலை, வால்பாறை போகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

கோடியக்கரையில் நினைத்தபடி முன்னே பின்னே நகர முடியாது. இறங்கினால் சேறு காலை இழுக்கும். இழுக்காத இடத்தில் நாலு அடி வைத்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தாக வேண்டும். டி500இன் சிறிய சென்சாரில் 500 எம்.எம். என்பது 750க்குச் சமமான நெருக்கத்தைத் தரும். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் என்ற கரைப்பறவைக்கு அது வேண்டும். அதே நேரம் பூநாரைக் கூட்டம் தலைக்கு மேல் திரும்பினால் 500இல் இரண்டு கழுத்தும் ஒரு சிறகும்தான் ஃபிரேமில் மிஞ்சும்; சட்டென்று 200க்கு வர வேண்டும். வெளிமானுக்கும் அப்படித்தான். 1967இல் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்ததே அந்த மானுக்காக. முறுக்குக் கொம்போடு ஓர் ஆண் மான் நிற்பதை முகத்தை மட்டும் நெருக்கி எடுப்பதைவிட, பின்னால் புல்வெளியும் மேயும் காட்டுக் குதிரைகளும் தெரிய எடுத்த படம்தான் இந்த ஊரைச் சொல்லும். ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸில் இந்தச் சுதந்திரம் இல்லை.

எடை அதிகம். ட்ரைபாட் வளையத்தோடு 2,300 கிராம். பாடியும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டும். நிக்கானின் 500 பி.எஃப்., அதாவது ஜூம் இல்லாத 500 எம்.எம். லென்ஸ், 1,460 கிராம்தான். கையில் தூக்கிக்கொண்டே நடப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நான் தரையோடு படுத்து எடுப்பதால் எனக்கு அது பெரிய பாரமில்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, பச்சைப்பயறு நிரப்பிய பைதான் என் ஸ்டாண்ட். லென்ஸை அதில் சாய்த்துப் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கிவிட்டால், பின்னணி முழுக்கக் கரைந்து உள்ளானின் ஒவ்வொரு இறகும் தெரியும். ஜூம் வளையத்தை 200இலிருந்து 500க்கு ஒரே திருப்பில் கொண்டுபோக முடியாது. நடுவில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். பறந்து வரும் ஆலாவுக்கு இது தாமதம்தான். ஓடும் மானைத் தொடர்ந்து எடுக்கும்போது கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வி.ஆர். சுவிட்சை ஸ்போர்ட்டில் வையுங்கள், வியூஃபைண்டரில் படம் துள்ளாது.

இந்த லென்ஸைப் பற்றி நான் அடிக்கடி கேட்கும் புகார், "500இல் ஷார்ப் இல்லை" என்பது. எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். வெயில் ஏறிய பிறகு உப்பளத் தரையிலிருந்து கானல் எழும். தூரத்துப் பூநாரைக்கும் நமக்கும் நடுவில் காற்றே நெளிகிறது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அதைத் தாண்டாது. விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை எடுங்கள். பிறகு கேமராவை மூடிவிட்டு 8x42 பைனாகுலரை எடுத்து, எந்தப் பறவை எப்படி மேய்கிறது என்று பாருங்கள். அதுவும் நல்ல பொழுதுதான்.

உப்பு விஷயத்தில் கவனம் தேவை. ஜூம் செய்யும்போது இதன் குழல் வெளியே நீள்கிறது. நீண்ட குழலை அப்படியே உள்ளே தள்ளினால் மேலே படிந்த ஈரமும் உப்பும் கூடவே போகும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்த பிறகே சுருக்க வேண்டும். களத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால், வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். திறந்தால் கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிடும்.

ஒன்றை மன்றாடியே கேட்கிறேன். 500 போதவில்லை என்று பறவையை நோக்கி நடக்காதீர்கள். முப்பது கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான் ஆர்க்டிக் கரையிலிருந்து இங்கே வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது.

கையில் நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ் கேமரா இருந்தால், 2023இல் வந்த 180-600 எம்.எம். லென்ஸையே பாருங்கள். அதில் குழல் வெளியே நீளாது, வளையமும் சின்னத் திருப்பில் முடிந்துவிடும். உப்புக்காற்றுக்கு அது ஏற்றது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் 200-500ஐத் தைரியமாக வாங்கலாம். பழையதாக வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று மணல் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். டி90 போன்ற பழைய பாடிகளில் இதன் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, கட்டுப்படுத்த முடியாது. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பாடியில் மாட்டி, துளையை எஃப் 11க்குச் சுருக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.