ஜெயித்த பணத்தை யார் தருவார்? கிரிப்டோ கேசினோவும் மற்ற வழிகளும்

2025 ஆகஸ்ட் 22 அன்று, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ரம்மி, போக்கர், ஃபேன்டஸி கிரிக்கெட் செயலிகள் அந்தக் கையோடு பண ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் ஆடிப் பழகியவர்கள் எல்லோரும் நிறுத்திவிடவில்லை. பெங்களூரு அல்சூரில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தருவது என் தொழில். ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான்: "சார், வாட்ஸ்அப் ஏஜென்டிடம் ஐடி வாங்கி ஆடுவதைவிடக் கிரிப்டோ கேசினோ பாதுகாப்புதானே? கோவாவுக்குப் போய் ஆடுவதும் இதுவும் ஒன்றுதானே?"

ஒன்றல்ல. ஏஜென்ட் என்பவர் பந்தயத் தளத்தில் நுழைய ஐடி தந்து, பணத்தையும் தானே வாங்கிக் கொடுப்பவர். கிரிப்டோ கேசினோ என்பது ரூபாய்க்குப் பதில் கிரிப்டோ என்னும் மின்னணு நாணயத்தைப் போட்டு ஆடும் இணையதளம். மூன்றிலும் மோசமானது கிரிப்டோ கேசினோதான் என்பது என் கருத்து. ஆட்டத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று பலரும் சொல்லும் காரணத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை.

ஆட்டத்தில் ஏமாற்று உண்டா?

இந்த ஒரு விஷயத்தில் கிரிப்டோ கேசினோவுக்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும். ஓரளவு பெரிய தளங்களில் ஒவ்வொரு பந்தயத்தையும் ஆடுபவரே சரிபார்க்க வழி உண்டு. தளம் ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அதன் ஹேஷ் குறியீட்டை (அந்த எண்ணிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு) மட்டும் முன்கூட்டியே காட்டுகிறது. ஆடுபவர் தன் பங்குக்கு ஓர் எண்ணைத் தருகிறார். இரண்டும் சேர்ந்துதான் முடிவு பிறக்கிறது. பிறகு இரகசிய எண் வெளியானதும் பழைய ஹேஷோடு ஒத்துப்பார்க்கலாம். நடுவில் மாற்றியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். வாட்ஸ்அப் ஏஜென்ட் தரும் தளத்தில் இப்படி எதுவும் கிடையாது. கோவாவின் கேசினோக் கப்பலில் இருக்கும் ஸ்லாட் இயந்திரத்தையும் நம்மால் இப்படிச் சோதிக்க முடியாது.

கேசினோவின் பங்கும், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அதற்குப் போய்ச் சேரும் விகிதமும், குறைவுதான். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட் என்னும் சுழல் சக்கர ஆட்டத்தில் அது 2.7%. கிரிப்டோ தளங்களின் டைஸ் (பகடை) ஆட்டத்தில் 1% என்பது வழக்கம். ஆனால் வேகத்தைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ரூலெட் மேசையில் மணிக்கு நாற்பது சுற்று, சுற்றுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சராசரி இழப்பு மணிக்கு 108 ரூபாய். அதே 100 ரூபாயை டைஸில் தானியங்கிப் பந்தயமாக நொடிக்கு ஒன்று வீதம் ஓடவிட்டால், மணிக்கு 3,600 பந்தயம். சராசரி இழப்பு 3,600 ரூபாய். ஒவ்வொரு பந்தயமும் நேர்மையாகவே நடந்து ஏற்படும் இழப்பு இது.

அந்தச் சரிபார்ப்பு பந்தயத்தின் முடிவுக்கு மட்டுமே சாட்சி. ஜெயித்த பணம் கைக்கு வரும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. நம் பிள்ளைகள் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

பணம் வெளியே வரும் வழி

போடுவது எளிது. முன்பின் தெரியாத ஒருவருக்கு யுபிஐயில் ரூபாய் அனுப்பி, டெதர் என்னும் டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம் வாங்கி, கேசினோ தரும் முகவரிக்கு மாற்றினால் சில நிமிடங்களில் ஆடத் தொடங்கலாம். அடையாளச் சான்று கேட்பதில்லை என்பதையே பெருமையாக விளம்பரம் செய்யும் தளங்கள் உண்டு. எடுக்கப் போகும்போதுதான் பாஸ்போர்ட், முகவரிச் சான்று, வருமானத்துக்கான ஆதாரம், கையில் காகிதம் பிடித்த செல்ஃபி என்று பட்டியல் நீள்கிறது. இந்தியாவிலிருந்து ஆடக்கூடாது என்று விதிமுறையின் மூலையில் எழுதிவைத்திருந்தால், இருக்கும் நாட்டை மறைக்கும் வி.பி.என். செயலி வழியாக நுழைந்தவரின் கணக்கை முடக்க அந்த ஒரு வரி போதும். போடும்போது அதைக் காரணம் காட்டி யாரும் பணத்தைத் திருப்பி அனுப்புவதில்லை.

போனஸும் அப்படித்தான். 10,000 ரூபாய் போட்டால் இன்னொரு 10,000 தருவதாகச் சொல்வார்கள். அந்த போனஸைப் போல 40 மடங்கு பந்தயம் கட்டிய பிறகே எடுக்கலாம் என்பது நிபந்தனை. அதாவது 4 லட்சம் ரூபாய்க்கு ஆட வேண்டும். 2.7% பங்கு என்றாலே சராசரி இழப்பு 10,800. கொடுத்த போனஸையும் தாண்டி உங்கள் பணத்திலும் கைவைத்துவிடுகிறது. ஸ்லாட் ஆட்டங்களில் கேசினோவின் பங்கு பெரும்பாலும் இதைவிட அதிகம்.

இதையெல்லாம் தாண்டிப் பணம் வெளியே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மடிவாளாவில் பி.ஜி.யில் தங்கியிருக்கும் ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டெதரை விற்றான்; வாங்கியவர் 38,000 ரூபாயை அவன் சம்பளக் கணக்குக்கு அனுப்பினார். சில நாள் கழித்து வாடகை கட்டப் போனால் பரிவர்த்தனை நடக்கவில்லை. வேறு மாநிலத்து சைபர் கிரைம் காவல் நிலையத்தின் கடிதம் வந்திருப்பதாகவும், கணக்கை முடக்கியிருப்பதாகவும் வங்கியில் சொன்னார்கள். அவனுக்கு வந்த பணம் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம்; பல கணக்குகள் மாறி அவன் கணக்கில் வந்து நின்றிருக்கிறது. "நான் யாரையும் ஏமாற்றவில்லையே சார்" என்று என் எதிரில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்கக் காட்ட வேண்டிய காகிதம், தடை செய்யப்பட்ட சூதாட்டத்தில் வந்த பணம் இது என்று அவனே எழுதிக்கொடுப்பதாக இருந்தது.

ஏஜென்ட் வழியிலும் இதே ஆபத்து உண்டு. அவர்கள் பணம் புரட்டுவதும் பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளில்தான். மகாதேவ் பந்தயச் செயலி வழக்கில் அமலாக்கத் துறை கிளறியதும் இப்படிப்பட்ட ஐடி வலையமைப்பைத்தான். கோவாவில் பணத்துக்குப் பதில் ஆடும் சில்லுகளைக் கவுன்டரில் மாற்றிக்கொண்டு வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தகராறு வந்தால் யாரிடம் போவது?

கிரிப்டோ தளங்களின் அடிப்பக்கத்தில் தென்படும் உரிமம் பெரும்பாலும் குராசாவோவுடையது, இல்லாவிட்டால் அஞ்சுவான். முன்னது வெனிசுவேலாவுக்கு அருகில் நெதர்லாந்து முடியாட்சியைச் சேர்ந்த தீவு. பின்னது கொமொரோஸ் நாட்டுத் தீவு. குராசாவோவில் நெடுங்காலம் சில தனியார் நிறுவனங்களே தலைமை உரிமத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துவந்தன. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதை மாற்றியது. சட்டம் எவ்வளவு திருந்தினாலும், பெங்களூரிலிருந்து ஒருவர் 40,000 ரூபாய்க்காக அங்கே வழக்காடப் போவதில்லை. உரிமமே இல்லாத தளங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

திருட்டு வேறு இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஸ்டேக் என்ற பெரிய கிரிப்டோ கேசினோவின் வாலட்டிலிருந்து (கிரிப்டோ நாணயம் வைக்கும் மின்னணுப் பணப்பை) சுமார் 4.1 கோடி டாலர் களவுபோனது. வட கொரியாவின் லாசரஸ் என்ற ஹேக்கர் குழுதான் செய்தது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. அந்த நிறுவனம் தாக்குப்பிடித்துவிட்டது. பெயர் தெரியாத சிறிய தளத்துக்கு இப்படி நேர்ந்தால் உங்கள் இருப்பும் அதோடு போய்விடும். கிரிப்டோவில் அனுப்பிய பணத்தைத் திருப்பி எடுக்க எந்த வங்கி அதிகாரியிடமும் மனுக் கொடுக்க முடியாது.

ஏஜென்டும் ஓடிவிடுவான்தான். ஆனாலும் யுபிஐ தடம் வங்கியில் பதிவாகியிருக்கும், காவல்துறை தேட ஏதோ ஒன்று கிடைக்கும். அந்த அளவில் மட்டும் அது ஒரு படி மேல்.

சட்டமும் வரியும்

புதிய சட்டம் ஆட்டத்தை நடத்துபவரைத்தான் குறிவைக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. ஆனால் வரி விடாது. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30%. ஒன்றில் பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்கும் 30%தான். கணக்கில் காட்டாமல் விட்டுவிட்டு, பிறகு நோட்டீஸோடு ஓடிவருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அனுமதி உள்ள வழிகள்

பெங்களூரு ரேஸ் கோர்ஸ் சாலையிலேயே குதிரைப் பந்தயம் நடக்கிறது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டு வழக்கில்தான். கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கப்பல்களில் கேசினோ இருக்கிறது. இரண்டிலும் பணம் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40% ஆகிவிட்டதால் செலவும் கூடுதல். கிரிப்டோ கேசினோவின் கவர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோவாவுக்கு இரவு பஸ் பிடிக்க வேண்டும், பந்தயத்துக்கு நேரம் உண்டு, ஆட்டம் முடிந்தால் வெளியே வந்தாக வேண்டும். நடுநிசியில் படுக்கையில் கிடந்தபடி ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைக்க அங்கே வழியில்லை. ஆடித்தான் தீருவேன் என்பவருக்கு நான் சொல்வது இந்த வரிசைதான்: அனுமதி உள்ள இடம் முதலில், மற்ற இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: எடுக்க முடிந்ததை இன்றே எடுங்கள். "வரியை முன்பணமாகக் கட்டினால் ஜெயித்த தொகையை விடுவிப்போம்" என்று தளம் கேட்டால் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். அது முழு மோசடி. பரிவர்த்தனை எண், வாலட் முகவரி, உரையாடல் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் கொடுங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஷட் என்ற பெயரில், இணையப் பழக்கங்களுக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் பேச, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.