பாலார்ட் எஸ்டேட் கப்பல் சட்ட வகுப்பு: சேரலாமா?

மும்பையில் கப்பல் ஏஜென்சி, பார்ஜ் (சரக்கு ஏற்றும் தட்டையான மிதவை), சர்வே வேலையில் இருக்கும் நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். பாலார்ட் எஸ்டேட்டில் சனிக்கிழமைகளில் நடக்கும் கடல்சார் சட்ட வகுப்பை இப்போதுதான் முடித்தேன். தாராளமாகச் சேரலாம், 'சட்டப்படி எது கப்பல்' என்ற முதல் பகுதிக்கே கட்டின காசு தகும்.

முதலாளி சம்பளம் தராமல் கைவிரித்தால் பாம்பே ஹைகோர்ட்டுக்குப் போய் கப்பலையே அரெஸ்ட் பண்ண வைக்கலாம் (அதாவது கோர்ட் உத்தரவால் நகரவிடாமல் பிடித்து வைப்பது), ஆனால் நீங்கள் வேலை பார்த்தது சட்டத்தின் கண்ணில் கப்பலாக இருக்க வேண்டும், அதனால்தான் இந்தப் பகுதி நம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. கடல்சார் பாக்கிகளுக்குக் கப்பலைப் பிடிக்க வழிசெய்யும் 2017 அட்மிரால்டி சட்டம் இதில் ரொம்பத் தாராளம். சொந்த இன்ஜின் இல்லாமல் டக் (இழுவைப் படகு) இழுத்துப் போகும் பார்ஜ், காற்று மெத்தைமேல் ஓடும் ஹோவர்கிராஃப்ட், ஏன், மூழ்கிப்போனதும் தரைதட்டிக் கிடப்பதும்கூட அதற்குள் வரும். இனி கடலில் ஓட்டவே முடியாத அளவுக்கு உடைத்தாகிவிட்டது என்று சர்வேயர் சான்று கொடுத்த பிறகுதான் அது கப்பல் இல்லை என்றாகும். அதே சமயம் உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் பார்ஜில் ஏறுமுன் அது எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள் என்று சார் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பள பாக்கிக்கான உரிமை மற்ற கடன்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும், ஆனால் பாக்கி விழுந்த இரண்டு வருடத்துக்குள் கப்பலை அரெஸ்ட் பண்ண வைத்துவிட வேண்டும், சும்மா கேட்டால் போதாது. இது தெரியாமல் காத்திருந்து பணத்தை விட்டவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வகுப்பு இந்தியும் இங்கிலீஷும் கலந்து நடக்கும், தமிழ்ப் பையன்கள் திணறினால் சார் தமிழிலேயே விளக்குவார். தூத்துக்குடித் தம்பி ஒருவர் "எங்க தோணி கப்பலா சார்?" என்று கேட்டதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். 1958 வணிகக் கப்பல் சட்டத்தில் 'ஷிப்' என்பதற்குள் பாய்மரக் கலம் வராது, பாய் மட்டுமே வைத்து ஓட்டப் போதுமான அளவு இருந்தால் இன்ஜின் பொருத்தியிருந்தாலும் அது பாய்மரக் கலம்தான். ஆனால் அதே சட்டத்தின் 'வெசல்' (கலம்) என்ற அகலமான சொல்லுக்குள் வரும், 2017 சட்டத்திலும் வரும். அப்புறம் அமெரிக்காவின் லோஸ்மன் வழக்கு. ஃபுளோரிடாவில் ஒருவர் குடியிருந்த மிதக்கும் வீட்டை, படகுத்துறையில் நிறுத்திய வாடகை பாக்கிக்காகக் கப்பல் என்று சொல்லிப் பிடித்து, ஏலத்தில் எடுத்து நகராட்சி உடைத்தேவிட்டது. ஆளையோ சரக்கையோ நீரில் ஏற்றிச்செல்ல அமைத்தது என்று பார்ப்பவருக்குத் தோன்றாது, ஆகவே அது கப்பலே இல்லை என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் 7-2 என்று தீர்ப்புச் சொன்னது.

குறை என்றால், 2025-ல் நிறைவேறிய புதிய வணிகக் கப்பல் சட்டத்தை அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். கடலில் துளையிடும் மிதவை மேடைகள்வரை அதன் விளக்கம் விரிகிறது, ஆஃப்ஷோரில் இருப்பவர்களுக்கு அதற்கே ஒரு முழு வகுப்பு வேண்டும். நோட்ஸ் ஜெராக்ஸும் மங்கல். சேரும்போதே புதிய சட்டத்துக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், நாலு பேர் கேட்டால் வைப்பார்கள்.