கிம்ப் பழகிய கதை: படத்தில் கை வைப்பதைக் குறைத்துக்கொண்டேன்

என் பழைய ஃபோல்டரைத் திறந்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. புல் கிளிப்பச்சை, வானம் மைநீலம், ஆட்கள் எல்லாரும் வெயிலில் வெந்தவர்கள் போல. படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் 2.6 பதிப்புக் காலத்தில் தொடங்கியவன் நான். நிறங்களின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷன் ஸ்லைடரைக் கண்டால் சும்மா இருக்க முடியாது அப்போது.

இன்று முதலில் திறப்பது, படத்தின் இருட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ். உள்ளே ஹிஸ்டோகிராம், அதாவது இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று பிக்சல்களை அடுக்கிக் காட்டும் வரைபடம், ஒரு மலை மாதிரி தெரியும். மங்கலான படத்தில் அந்த மலை வலது ஓரத்தைத் தொடாமல் பாதியிலேயே இறங்கிவிடும். வலப்பக்க முக்கோணத்தை மலை முடியும் இடம்வரை இழுத்தால் போதும், படத்தின் மேல் படிந்திருந்த சாம்பல் திரை விலகிவிடும். நடு முக்கோணத்தை இடப்பக்கம் லேசாக நகர்த்தினால் முகம் தெளியும். என் படங்களில் பாதிக்கு வேலை இத்தோடு சரி. குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சளடித்த படமென்றால், அதே லெவல்ஸில் சாம்பல் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஐட்ராப்பர் இருக்கிறது. நிஜமாகவே சாம்பல் நிறமுள்ள ஏதாவது ஒன்றின்மேல் கிளிக் செய்ய வேண்டும். சந்தன நிறச் சுவரைச் சாம்பல் என்று நம்பிக் கிளிக் செய்து, வீட்டார் எல்லாரையும் நீலமாக்கியிருக்கிறேன்.

வெளுத்துப்போன வானத்தை மட்டும் எதுவும் காப்பாற்றாது. ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே மேகம் இருந்ததற்கான தடயமே இல்லை. இருட்டாக்கினால் வெறும் சாம்பல் திட்டு வரும். நிழலில் அப்படியில்லை, புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வந்தாலும் ஏதோ மிச்சம் இருக்கும். இது புரிந்தபிறகு கேமராவிலேயே எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறைத்து எடுக்கிறேன். எடிட்டிங் கற்றுக்கொண்டதில் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன்.

2012-இல் வந்த 2.8-ஐத் திட்டாத நாளில்லை. 'சேவ்' கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக மட்டும்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும். ஆனால் அதற்கு முன்பு, பழைய 'சேவ்' இருந்த காலத்தில், நான் செய்து வைத்திருந்த காரியம் வேறு. மின்னஞ்சலில் அனுப்ப 640 பிக்சலாகச் சுருக்கிய படத்தை மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் அகலம் 5.4 செ.மீ. வரும், தீப்பெட்டிக்கு ஒட்டலாம். இன்றைக்கு எந்தப் படமானாலும் முதலில் நகல், அப்புறம்தான் கிம்ப்.

2025 மார்ச்சில் வந்த 3.0-இல் பெரும்பாலான ஃபில்டர்களை, போட்டபிறகும் திரும்பத் திறந்து மாற்ற முடிகிறது. இத்தனை வருடம் இதற்காகத்தான் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் லேயராக நகலெடுத்துக்கொண்டிருந்தேன். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புக்கு இன்னும் டார்க்டேபிள் போன்ற துணை மென்பொருள் வேண்டியிருப்பது ஒரு குறை. தூசிப் புள்ளி, முகப்பரு போன்றவற்றுக்கு ஹீல் டூல் தாராளமாகப் போதும்.

ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் கடைசியில், அளவைச் சுருக்கியபிறகு, கொஞ்சமாக. மிஞ்சினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு கட்டும். கை ஆடி எடுத்த படத்துக்கு அதுவும் உதவவில்லை. ஷார்ப் செய்யச் செய்ய ஆட்டம்தான் துலக்கமாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட படங்களை அழித்துவிடுகிறேன்.