பழைய டிரக்கில் கார்புரேட்டர் பெட்ரோல் கொதிக்கிறதா? பல வருஷமாக எனக்குக் கைகொடுப்பவை இவை

பழைய பெட்ரோல் டிரக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழகியதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறையும் இருக்காது. நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது, பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். நன்றாக ஆறவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். என்னுடையது வி8 இன்ஜின், இரண்டு பேரல் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம், காற்று போக இரண்டு வாய் உள்ளது), இன்ஜினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப். கோடையில் இதோடு பல வருஷம் ஓட்டியாகிவிட்டது, எது நிலைத்தது எது நிலைக்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடியும்.

முதலில் பெட்ரோல் கொதிப்பதுதான் காரணமா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, பேட்டரி டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள் (பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது). நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. சில நிமிஷத்தில் ஃப்ளோட் பவுலுக்குள் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணம்) மெல்லிய சலசலப்பு கேட்கும், அப்புறம் வென்ச்சுரி (காற்று போகும் குறுகிய வாய்) நடுவில் இருக்கும் குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கீழே மூடியிருக்கும் த்ராட்டில் தகட்டில் விழுந்து, விழுந்த இடத்திலேயே ஆவியாகும். இன்ஜின் நின்றுபோன நிலையில் அந்தக் குழாயில் பெட்ரோல் வரவே கூடாது. வருகிறது என்றால் கொதிநிலைதான், இல்லையென்றால் பவுல் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்க வேண்டிய ஃப்ளோட் ஊசி ஒழுகுகிறது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தியும் சொட்டினால் ஊசியைப் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது ஃபேன் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், டேங்கிலிருந்து வரும் புதுப் பெட்ரோல் எல்லாம் சேர்ந்து கார்புரேட்டரைச் சூடேறாமல் வைத்திருக்கின்றன. சாவியை அணைத்த நொடியில் மூன்றும் நின்றுவிடும். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் சூடு மட்டும் மேனிஃபோல்ட் (கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே சூட்டில் கொதிக்கும் பொருள் இல்லை. அதில் உள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும், 100 டிகிரி வருவதற்குள் ஏறக்குறைய பாதி போய்விடும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். அதை 10 சதவீதம் கலந்தால் கலவையின் ஆவியழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடும், அதாவது இன்னும் எளிதில் ஆவியாகும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தில் இருப்பதால் அவற்றுக்கு இது பெரிய விஷயமில்லை, திறந்த பவுலில் பெட்ரோல் வைத்திருக்கும் நம் வண்டிகள்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஓடும்போதே வண்டி திணறி நின்றால் அது வேறு சங்கதி. அங்கே பம்புக்கு முன்னால் லைனில் ஆவி அடைத்திருக்கும், கார்புரேட்டரில் எதை மாற்றினாலும் அது தீராது.

புதிதாக எதையும் வாங்கும் முன் இருப்பவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில் பல பழைய வி8 இன்ஜின்களில் ஒரு வால்வு தகடு இருக்கும். குளிரில் அது மூடிக்கொண்டு சூடான புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிடும், இன்ஜின் சூடானதும் திறந்துகொள்ள வேண்டும். துருப்பிடித்து மூடியபடி நின்றுவிட்டால் கார்புரேட்டர் எப்போதும் அடுப்பின் மேல்தான். என் வண்டியில் அப்படித்தான் இறுகிக் கிடந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி அசைத்து விடுவித்ததிலேயே பாதித் தொல்லை குறைந்தது. இக்னிஷன் டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும், அதை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யாவிட்டாலும், ரேடியேட்டரின் ஃபேன் கூடு இல்லாவிட்டாலும் பானெட்டுக்குள் சூடு கூடும். பவுலிலிருந்து கரி டப்பாவுக்கு (பெட்ரோல் ஆவியை உறிஞ்சி வைக்கும் டப்பா) போகும் ஹோஸ் அடைத்திருந்தால் ஆவிக்கு வெளியேற வழி இல்லாமல் பெட்ரோலை ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) வழியாகத் தள்ளும், அதையும் ஊதிப் பாருங்கள்.

அடுத்தது ஸ்பேசர். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சுமார் 12 மி.மீ. கனத்தில் ஃபினாலிக் (சூட்டை எளிதில் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக்) அல்லது அடுக்கு மரத் துண்டு. அலுமினிய ஸ்பேசரை இதற்காக வாங்காதீர்கள், அது சூட்டைத் தடுக்காது, கடத்தும். நான் போட்ட ஃபினாலிக் ஸ்பேசர் இன்றுவரை வளையவில்லை, வெடிக்கவில்லை. ஆனால் மேலும் கீழும் போட்ட புது பேக்கிங் முதல் சில வாரங்களில் அமுங்கியது, நட்டுகள் தளர்ந்து ஐடிலிங் ஏறி இறங்கியது. ஆறிய பிறகு மெதுவாக, எதிரெதிர் மூலையாக மறுபடி இறுக்கினால் போதும். வெறியோடு இறுக்கினால் கார்புரேட்டரின் அடிப்பாகம் வளைந்து த்ராட்டில் தகடு பிடித்துக்கொள்ளும். நீளமான ஸ்டட் வேண்டும், ஆக்ஸிலேட்டர் கேபிளும் கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியும் புது உயரத்துக்குச் சரியாக வருகின்றனவா பார்க்க வேண்டும், ஏர் ஃபில்டர் பானெட்டில் இடிக்கிறதா என்று மேலே கொஞ்சம் களிமண் வைத்து மெதுவாக மூடிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் சொல்வது ரிட்டர்ன் லைன். மூன்று வாய் உள்ள ஃபில்டர் கிடைக்கும்: பம்பிலிருந்து வருவது, கார்புரேட்டருக்குப் போவது, மூன்றாவதாகச் சிறு துளையோடு டேங்குக்குத் திரும்புவது. திரும்பும் வாய் மேல்பக்கமாக இருக்கும்படி பொருத்தினால் ஆவியெல்லாம் அந்த வழியே போய்விடும். ஓடும்போது பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருப்பதால் லைனும் அவ்வளவு சூடாகாது. இதில் இன்னொரு பெரிய நன்மை: இன்ஜினை அணைத்ததும் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் சிக்கிய பெட்ரோல் சூட்டில் விரிந்து, ஃப்ளோட் ஊசியை மீறிப் பவுலுக்குள் தள்ளும். அந்த அழுத்தம் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. இதைப் போட்டபின் அணைத்த வண்டியில் அந்தப் பெட்ரோல் வாடை எனக்கு வந்ததே இல்லை. திரும்பும் லைனை டேங்க் வரை ஒழுங்காக இரும்புக் குழாயில் கொண்டுபோக வேண்டும், இணைப்புகளுக்கு எத்தனால் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும். சாதாரண ரப்பர் உள்ளிருந்தே உளுத்துப்போகும்.

பளபளக்கும் வெப்பத் தடுப்பு உறை போட்டேன். ஓடும்போது உதவியது, நிறுத்தியபின் பெரிய வித்தியாசம் இல்லை, எண்ணெய் பட்டு இரண்டாவது கோடையிலேயே உரிந்தது. பெட்ரோல் லைனை சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிப் புது வழியில் கொண்டுபோனதுதான் உறையைவிட நல்ல பலன் தந்தது. துணிக்கு மாட்டும் கிளிப்பை லைனில் வரிசையாக மாட்டச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப் வைப்பது லைன் ஆவிக்கு நல்ல மருந்து. ஆனால் இன்ஜின் நின்றாலும், வண்டி மோதினாலும் பம்பை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் தயவுசெய்து யாரும் வைக்காதீர்கள். குழாய் அறுந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அழுத்தமும் கார்புரேட்டர் தாங்குகிற அளவில் இருக்க வேண்டும், என்னுடையதற்கு 5 பி.எஸ்.ஐ. போதும், 7-க்கு மேல் போனால் ஊசி நிற்காது.

எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கும்போது அதைத்தான் போடுகிறேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. குளிர்காலப் பெட்ரோல் டேங்கில் மிச்சமிருக்கும்போது திடீரென்று வெயில் ஏறும் வசந்த நாட்கள்தான் உச்சிக் கோடையைவிட மோசம், அந்தச் சமயத்தில் பழைய பெட்ரோலைச் சீக்கிரம் ஓட்டித் தீர்த்துவிடுவேன்.

இத்தனைக்கும் பிறகு கடும் வெயிலில் எப்போதாவது செல்ஃப் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் ஜெட் இன்னும் பெட்ரோலை ஊற்றும். தரை வரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்றை மறைக்கும் சோக் தகடு விலகி, காற்று நிறைய போய், மேனிஃபோல்டில் தேங்கியது வெளியேறி இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் காலை மெல்ல எடுத்துவிடலாம்.