கடைசி நாளுக்கு ஃபோர்ட் கொச்சியா, புதுச்சேரியா?

மூணாறு, ஆலப்புழை முடித்துக் கோவை திரும்புகிறவர்களுக்கு ஃபோர்ட் கொச்சி. தஞ்சை, சிதம்பரம் பார்த்தவர்களுக்குப் புதுச்சேரி. இரண்டுக்கும் வழி இருந்து, கையில் ஒரே பகல்தான் மிச்சம் என்றால் கொச்சியே மேல். கொச்சிக்கு ரயில் பிடிக்கும் எர்ணாகுளத்திலிருந்து கோவை சுமார் 190 கிலோமீட்டர், ரயிலில் நாலு மணி நேரம். ராத்திரி வீட்டில் படுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு தூரம், இரவுப் பேருந்துதான். சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்.

கொச்சியில் கிழமை பார்க்காமல் போனால் பாதி ஊர் பூட்டிக் கிடக்கும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடமான பரதேசி சினகாக் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளர்களுக்கு இல்லை. மற்ற நாளிலும் மதியம் மூடுவார்கள், அரைக்கால் டிரவுசரோடு விட மாட்டார்கள். ஞாயிறு என்றால் முதலில் மட்டாஞ்சேரி, பிற்பகலில்தான் புனித பிரான்சிஸ் ஆலயம். காலையில் அங்கே ஆராதனை. 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்த இடம் உள்ளேதான். எச்சங்கள் 1539இல் போர்ச்சுகலுக்குப் போய்விட்டன, கல் மட்டும் இருக்கிறது. கரையோரத்துச் சீன மீன்பிடி வலைகளைப் பார்க்கச் சாயங்காலம் போங்கள்.

புதுச்சேரியை 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். இன்று பார்ப்பதில் பெரும்பகுதி 1765க்குப் பிறகு எழுந்தது. ஆனால் கால்நடையாகச் சுற்ற அதற்கு நிகர் இல்லை: நேர்நேரான தெருக்கள், வழி தவறவே தவறாது. பிரெஞ்சுப் பகுதியின் சுவர்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்குப் போங்கள். கீழே திண்ணையும் மரத்தூணும், மேல்மாடியில் பிரெஞ்சுக் கைப்பிடிச் சுவரும் கொண்ட வீடுகள் அங்கேதான். கொச்சியில் இது கிடைக்காது. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், விடியலில் நடங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

ஜூன், ஜூலையில் கொச்சி நனையும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை புதுச்சேரி நனையும்.

கொச்சியில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. மூட்டையை எர்ணாகுளம் ஜங்ஷனில் வைத்துவிட்டுச் சுற்றுவார்கள் (பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள்). கோவை வழி ரயில்கள் சில அங்கே வராமல் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனில் மட்டுமே நிற்கும். டிக்கெட்டில் எது என்று முதலிலேயே பாருங்கள். திரும்பும்போது பாலத்து நெரிசலில் ஆட்டோவை நம்ப வேண்டாம், படகுதான். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஃபோர்ட் கொச்சி படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.