கேமராவை மாற்றுவதா, முன்னால் ஒரு லென்ஸை மாட்டுவதா?

கையிலிருக்கும் சின்ன கேமரா நாலைந்து வருஷம் நன்றாகவே உழைத்துவிட்டது. இப்போது படங்களைப் பார்த்தால் ஏதோ குறைகிறது. இந்தக் கட்டத்தில் இரண்டு ஆசைகள் சேர்ந்தே வரும். இதைத் தள்ளிவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கலாம் என்பது ஒன்று. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் துணை லென்ஸை வாங்கி இதன் முன்னாலேயே மாட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. எது சரி என்பது அந்த ‘ஏதோ’ என்ன என்பதைப் பொறுத்தது. வெளிச்சம் போதவில்லையா, தூரம் எட்டவில்லையா, பக்கத்தில் போக முடியவில்லையா?

பேச்சுக்கு கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 ஹெச்எஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்தது. 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம். 35 மிமீ ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24 முதல் 960 மிமீ வரை போகும்; எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். இவ்வளவும் ‘1/2.3 அங்குலம்’ என்று பெயர் சொல்லும் சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு), அதாவது சுமார் 6.2 x 4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன இடத்தில். பாக்கெட்டில் அடங்கும் மற்ற ஜூம் கேமராக்களும் ஏறக்குறைய இதே சாதிதான்.

கல்யாண மண்டபத்துக்குள் எடுத்தால் முகமெல்லாம் மணல் தூவினாற்போல் வருகிறது என்பது உங்கள் குறையானால் யோசிக்கவே வேண்டாம், கேமராவை மாற்றுங்கள். முன்னால் எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் உள்ளே சென்சார் வளராது. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-இல் இருப்பது 1 அங்குல சென்சார், 13.2 x 8.8 மிமீ, பரப்பில் நான்கு மடங்கு. அதன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8 வரை திறக்கும் (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறந்து ஒளி கூடுதலாக வரும்), எஸ்எக்ஸ்740 எஃப்/3.3-உடன் நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அதே ஷட்டர் வேகத்தில் சென்சாருக்கு வந்துசேரும் ஒளி ஏறக்குறைய 13 மடங்கு. இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் பெரிய கேமரா என்றால் எல்லாவற்றிலும் ஏற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, தண்ணீருக்கு நடுவே மரத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையை எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். 960 மிமீ கையில் வைத்திருந்தவர் ஜி7 எக்ஸுக்குப் போனால் 100 மிமீயோடு நிற்பார். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 கொஞ்சம் பரவாயில்லை, 200 வரை போகும். அதையும் பழைய 960-இன் அளவுக்கு வெட்டி எடுத்தால் 20 மெகாபிக்சலில் ஒன்றுகூட மிஞ்சாது. கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, தூரத்தைக் கிட்டக் கொண்டுவர லென்ஸின் முன்னால் மாட்டும் டெலி கன்வெர்ட்டர்? எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஜூமின் கடைசி முனையில்தான் அது வேலை செய்யும். கொஞ்சம் அகலப்படுத்தினாலும் நாலு மூலையும் கறுத்துவிடும். 1.7 மடங்கு கன்வெர்ட்டர் தருவதைப் படத்தை வெட்டியே பெறலாம். 20 மெகாபிக்சலில் 7 மிஞ்சும், பத்து அங்குல அகலத்துக்கு அச்சுப் போட அது போதும். ‘2.2 மடங்கு’ என்று போட்டு விற்கும் மலிவு ரகத்தை மாட்டினால் வானத்தின் பின்னணியில் ஒவ்வொரு கிளைக்கும் ஊதா ஓரம் கட்டும்.

தூரம்தான் குறை என்றால் அதற்கும் கேமராவைத்தான் மாற்ற வேண்டும். அதிலும் இரண்டு வழி இருக்கிறது. நிக்கான் பி950 2000 மிமீ வரை எட்டும், பி1000 3000 வரை. இரண்டிலும் இருப்பது அதே 1/2.3 அங்குல சென்சார்தான். நல்ல வெயிலில் அருமை, சாயங்காலமானால் பழைய குருடி கதவைத் திறடி. பி1000 ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இன்னொரு வழி, 2014-இல் வந்த பானசோனிக் எஃப்இசட்1000 மாதிரியானவை: 1 அங்குல சென்சார், 25 முதல் 400 மிமீ, எஃப்/2.8-4, எடை 830 கிராம் சொச்சம். எட்டும் தூரம் பாதிக்கும் கீழே. ஆனால் எட்டியவரை இறகு இறகாகத் தெரியும். பறவையை அடையாளம் காண்பதற்கு என்றால் நிக்கான், படமாகச் சுவரில் மாட்ட என்றால் பானசோனிக் என்பேன்.

இனி துணை லென்ஸ் ஜெயிக்கும் இடம்: பூச்சிகள். பாக்கெட் கேமராவில் மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுப்பது) என்று ஒரு பூப் படம் போட்டிருப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம் என்பது உண்மைதான், ஆனால் அகலக் கோணத்தில் மட்டும். தட்டானுக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் லென்ஸைக் கொண்டுபோனால் முதலில் அதன்மேல் உங்கள் நிழல் விழும், அப்புறம் தட்டான் இருக்காது.

ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற க்ளோஸ்-அப் லென்ஸ் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. அதன் பவர் 8 டயாப்டர், அதாவது குவியத் தூரம் 125 மிமீ. ஜூமை முழுக்க நீட்டி, இதை முன்னால் கவ்வவிட்டால் பூச்சியிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி நின்று எடுக்கலாம். எஃப்இசட்1000-இன் நிஜக் குவியத் தூரம் கடைசி முனையில் 146 மிமீ. அதை 125-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் 1.17, பதினொரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒன்று படம் முழுவதையும் நிறைத்துவிடும். வேலியில் உட்கார்ந்திருக்கும் குதிக்கும் சிலந்தியின் கண்களை எண்ணிவிடலாம். கன்வெர்ட்டரைப் போல மூலை கறுப்பதைப் பற்றி இங்கே பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், எப்படியும் நீண்ட முனையில்தானே எடுக்கப்போகிறோம்.

சிரமம் இல்லாமல் இல்லை. எஃப்/8 வைத்தாலும் கூர்மையாக வரும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. ஆட்டோ ஃபோகஸை மறந்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்த வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கு இது அதிகம், அதற்கு 4.8 டயாப்டர் உள்ள டிசிஆர்-150தான் தோது, இருபது சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். விலை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதோடு, கேமராவை மாற்றினாலும் லென்ஸ் உங்களோடு வரும்.

அகலக் கோணத்துக்கு மட்டும் துணை லென்ஸ் தேடுகிறவர்கள் செல்போனை எடுங்கள், போதும்.

இதெல்லாம் ஒரு விஷயத்தில் வந்து முட்டும்: துணை லென்ஸைத் திருகி மாட்ட லென்ஸ் வாயில் மரை இருக்கிறதா? எஃப்இசட்1000-இல் 62 மிமீ மரை உண்டு. ரேநாக்ஸோடு வரும் கவ்வி 52 முதல் 67 மிமீ வரை பிடிக்கும். எஸ்எக்ஸ்740, ஆர்எக்ஸ்100, ஜி7 எக்ஸ் எதிலும் மரை கிடையாது. ஒட்டுகிற காந்த வளையம் விற்கிறார்கள். மெல்லிய ஃபில்டருக்கு அது சரி. கனமான கண்ணாடியைத் தொங்கவிட்டால், மோட்டார் தள்ளித்தள்ளி வெளியே வரும் அந்த மெல்லிய லென்ஸ் குழல் எத்தனை நாள் தாங்கும்?

துணை லென்ஸையும் மனதில் வைத்தே செய்த கேமராக்கள் வேறு வகை. ஃபியூஜி எக்ஸ்100 வரிசையில் ஒரே 35 மிமீ பார்வைதான். அதை 28 ஆக்கவும் 50 ஆக்கவும் ஃபியூஜியே கன்வெர்ட்டர் தருகிறது. ரிக்கோ ஜிஆர் 3-இன் 28 மிமீ, ஜிடபிள்யூ-4 என்ற அகலக் கன்வெர்ட்டரை மாட்டினால் 21 ஆகும். ஒலிம்பஸ் டிஜி-6-இல் ஜூம் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் குழல் நீளும் தொல்லையே இல்லை. ஒரே ஒரு கேமராவுக்கென்று கணக்குப் போட்டுச் செய்யும் கண்ணாடிக்கும், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் முதல் படத்திலேயே தெரியும். எக்ஸ்100 வைத்திருப்பவர் கேமராவை மாற்றுவதைவிட கன்வெர்ட்டர் வாங்குவதே மேல்.

என்னைக் கேட்டால், மரையில்லாத பாக்கெட் ஜூம் வைத்திருப்பவர் அதற்குத் துணை லென்ஸ் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். மரையுள்ள 1 அங்குல கேமரா ஒன்றைப் பழையதாகப் பிடித்து, ஒரு மாதம் பழகி, பூச்சி ஆசை அப்போதும் இருந்தால் ரேநாக்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களின் ஈரத்தில் கிடந்த கேமராக்களில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டி, எங்காவது திணறுகிறதா, சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். மரை நசுங்கியிருக்கிறதா என்றும் விரலால் ஒரு சுற்று தடவிவிடுங்கள்.